இயக்குநர் பெயரில் ஓர் அட்டைப்பூச்சி

"நீ என்ன பண்ணி வச்சிருக்கன்னு உனக்குத் தெரியுதா, மெர்வ்?" என்று கேட்டார் பெரில்.

மெர்வின் டக்கெட்டுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. முப்பத்தோரு வருஷ உத்தியோகத்தில் தான் செய்த ஒரே உருப்படியான காரியம் இது என்று காலையிலிருந்து மிதந்துகொண்டிருந்தார். தபாலில் வந்த ஆய்விதழைப் பிரித்து, இருநூற்றுப் பதினாலாம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, இரண்டிரண்டு படியாக இறங்கி, டாஸ்மேனியத் தீவின் பென்டில் பே இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் டிக்கெட் கவுன்ட்டருக்கு ஓடி வந்ததே பெரிலிடம் ஒரு சபாஷ் வாங்கத்தான்.

பெரில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு இதழை மூடி, அக்கம்பக்கம் பார்த்து, மெர்வினின் சட்டைக் கையைப் பிடித்து, வாம்பட் என்ற குட்டைப் பிராணியின் பொம்மைகள் தொங்கும் அலமாரிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"ரத்தம் குடிக்கிற அட்டைப்பூச்சிக்கு நம்ம இயக்குநர் பேரை வச்சிருக்க."

"ஆமா. ஃபிலிப்பா ராஸ்டன்ங்கிற பேரு இனிமே சாகாது. லத்தீன்ல நிக்கும். எவ்வளவு பெரிய கௌரவம்."

"யாருக்கு? பூச்சிக்கா?"

மெர்வினுக்குக் கேள்வியே புரியவில்லை. அட்டைகள்தான் அவர் துறை. மழைக்காட்டுப் பள்ளங்களில் அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்து, காலில் ஏறுவதை எண்ணி, அது குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு பாட்டிலில் போடுகிற மனிதர். பாதியில் பிடுங்குவது மரியாதை இல்லை என்பார். முதலில் கண்டுபிடித்த அட்டைக்குத் தன் அம்மாவின் பெயரை வைத்தார். இரண்டாவதற்கு மனைவி லோர்னாவின் பெயர். அது கல்யாணப் பரிசு. லோர்னா கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அன்றிலிருந்து தன் பிறந்தநாள் பரிசைத் தானே கடைக்குப் போய் வாங்கிக்கொள்கிறார்.

"மெர்வ், இந்த வருஷம் அவங்க ஆறு பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்காங்க. டீ ரூம்ல பிஸ்கட்டை நிறுத்தினாங்க. ஜூலைக் குளிர்ல ஹீட்டரை அணைச்சாங்க. நம்ம ஆளுங்க அவங்களை என்னன்னு சொல்லிப் பேசிக்கறாங்க தெரியுமா?"

"ஃபிலிப்பான்னு."

"ரத்தம் உறிஞ்சறவங்கன்னு. இவ்வளவு நாளா வாயாலதான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. நீ அதை அச்சடிச்சுட்ட."

மெர்வின் வாம்பட் அலமாரியைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வாம்பட்டுகள் கீழே விழுந்தன.

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. மாடியில் ஏழாம் எண் அறை அவருடையது. நாலாயிரம் பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் ஒரு புழுவோ அட்டையோ, ஒவ்வொன்றின் மேலும் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு. அந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் முழு வளைகுடாவும் தெரியும். அதுதான் வினை. அங்கே ஒரு காபிக் கடை வைத்தால் ஜோராக ஓடும் என்று யாரோ கொளுத்திப் போட, அறங்காவலர் குழு வருகிற திங்கட்கிழமை கூடி முடிவு செய்வதாக இருந்தது. பாட்டில்களைக் கப்பலில் ஏற்றிக் கடலுக்கு அந்தப் பக்கம் பெருநிலத்தில் ஒரு கிடங்குக்கு அனுப்பிவிடுவார்கள். மெர்வின் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சுற்றிக் காட்டும் வேலைக்குப் போக வேண்டும். டாஸ்மேனியாவில் பிறந்த ஒருவருக்குப் பெருநிலத்தின் பேரைக் கேட்டாலே பாதி உயிர் போகும். மீதி உயிரை அந்தப் பிள்ளைகள் எடுத்துவிடுவார்கள். அவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "இது கடிக்குமா?"

"அவங்க மனசு குளிர்ந்து ரூமை விட்டுடுவாங்கன்னு நெனச்சேன்" என்றார் மெர்வின்.

"ரூமை இல்ல, உன்னைத்தான் வீட்டுக்கு விட்டுடுவாங்க. அவங்க பார்த்தாச்சா?"

"தெரியலை. ஆனா வியாழக்கிழமை பார்த்துடுவாங்க. பத்துச் சிறப்புல இதைச் சேர்க்கச் சொல்லி நான்தான் டாம்சின்கிட்ட நேத்தே குடுத்தேன்."

பெரில் விழுந்த வாம்பட்டுகளை எடுத்துத் தூசி தட்டினார். "அப்ப ஓடு" என்றார்.

ஒவ்வொரு டிசம்பரிலும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வியாழக்கிழமை, திமிங்கல எலும்புக்கூடு தொங்கும் கூடத்தில், அந்த ஆண்டின் பத்துச் சிறப்புகளைத் திரையில் காட்டி ஊருக்கே சிற்றுண்டி கொடுப்பது பென்டில் பே வழக்கம். விளம்பரப் பொறுப்பில் இருக்கும் டாம்சின் அக்டோபரிலிருந்தே சிறப்புகளைத் தேடத் தொடங்கிவிடுவார். இந்த வருஷம் ஒன்பது தேறியிருந்தது. ஜனவரியில் திமிங்கலத்தின் தாடையை இரண்டடி இடப்பக்கம் நகர்த்தியிருந்தார்கள். மார்ச்சில் ஒரு விவசாயி விண்கல் என்று கொண்டுவந்தது பழைய உருக்காலைக் கசடு என்று நிரூபித்து, அவரை அழவைத்து அனுப்பினார்கள். மே மாதம், இரவல் போயிருந்த பிளாட்டிபஸ் திரும்பி வந்தது. ஆகஸ்டில் பாடம் செய்து வைத்திருக்கும் டாஸ்மேனியன் டெவில் என்ற விலங்குக்குப் புதுக் கண்கள் பொருத்தினார்கள். பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு அது இரண்டு கண்ணாலும் ஒரே பக்கம் பார்த்தது. இப்படியே போய், ஆண்கள் கழிவறையில் கை உலர்த்தும் மெஷின் வந்தது ஒன்பதாவது.

"அதை எடுத்துடு டாம்சின்" என்றார் மெர்வின், மூச்சு வாங்க. "அந்த அட்டையை."

"எதுக்கு?"

"அது அவ்வளவு முக்கியமில்லை."

"மெர்வின், என் லிஸ்ட்ல கை உலர்த்தற மெஷின் இருக்கு" என்றார் டாம்சின். "புது உயிரினம்னு ஒண்ணு எனக்கு அஞ்சு வருஷத்துல இப்பத்தான் கிடைச்சிருக்கு. செத்தாலும் தரமாட்டேன்."

"சரி, பேரையாவது எடுத்துடு. பேரு வேண்டாம். புது அட்டைன்னு மட்டும் போடு."

டாம்சின் பேனாவைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது. விளம்பரக்காரர்கள் முகத்தில் வெளிச்சம் வந்தால் மற்றவர்கள் ஓடிவிட வேண்டும். மெர்வினுக்கு அந்த அனுபவம் போதாது.

"பேரை மறைச்சுட்டு" என்றார் டாம்சின் மெதுவாக, "மேடையில திரையை விலக்கிக் காட்டினா? மெர்வின், நீங்க உள்ளுக்குள்ள பெரிய ஆளு."

அன்று மாலைக்குள் ஊரிலுள்ள எல்லோருக்கும் மின்னஞ்சல் போய்விட்டது. 'பென்டில் பே காட்டில் புது உயிரினம். யாருடைய பெயர்? வியாழக்கிழமை தெரியும். வாருங்கள்.'

யாரும் படிக்காத இருநூற்றுப் பதினாலாம் பக்கத்தில் சிவனே என்று கிடந்த பெயரைப் பற்றி இப்போது ஊரே பேசியது. கால்பந்துக் குழுத் தலைவரின் பெயராக இருக்கும் என்றார்கள் சிலர். இறைச்சிக் கடைக்காரர் தன் பெயராக இருந்தால் வழக்குப் போடுவதாகச் சொன்னார்.

சனிக்கிழமை காலை மெர்வின் வீட்டு வாசலில் ஒரு பெரிய வண்டி வந்து நின்றது. கையில் ஒரு முழு சால்மன் மீனோடு இறங்கியவர் கார்டன் ஸ்ப்ராட். வளைகுடாவில் மிதக்கும் மீன் பண்ணைகளில் பாதி அவருடையது. அருங்காட்சியகத்தின் அறங்காவலர் குழுவுக்கு அவர்தான் தலைவர். திங்கட்கிழமைக் கூட்டத்தில் மேசையைத் தட்டி முடிவு சொல்லப்போகிறவரும் அவரே.

"கையைக் குடுய்யா மெர்வ்" என்றார் கார்டன். "நான் எல்லாம் கேள்விப்பட்டேன்."

"என்ன கேள்விப்பட்டீங்க?"

"நடிக்காத. அந்தப் பூச்சியை நீ எங்க பிடிச்ச? என் நிலத்துல, என் ஓடைக்கரையில. ஒன்பது வருஷமா என் கேட் சாவி உன்கிட்டதானே இருக்கு? வேற யாரு பேரை வைப்ப? வீட்டுல என் பொண்டாட்டி மோரீன் புது உடுப்புத் தைக்கக் குடுத்துட்டா. மெல்பர்ன்லேர்ந்து மூத்தவன் வரான். பெர்த்லேர்ந்து சின்னவ வரா. பேரப் பிள்ளைங்களோட இருபத்திரண்டு பேரு. முன் வரிசையை எங்களுக்குப் போடச் சொல்லு."

மெர்வின் வாயைத் திறந்தார். சால்மன் அவர் கையில் கனத்தது. திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது.

"வியாழக்கிழமை தெரியும்" என்றார்.

"அடப் போய்யா" என்று கார்டன் அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். வண்டி ஏறும்போது அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து லோர்னா, "யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை விடிந்ததும் மெர்வின் அடிலெய்டுக்குப் போன் போட்டார். ஆய்விதழின் ஆசிரியர் ரூபர்ட் அங்கேதான் இருந்தார்.

"ரூபர்ட், பேரை மாத்தணும்."

"முடியாது."

"ஒரே ஒரு பேருதானே."

"மெர்வின், நீங்க அதுக்குச் சாத்தான்னு பேரு வச்சிருந்தாலும் இனிமே அதுதான். அச்சேறிட்டா ஏறினதுதான். உங்களுக்கே தெரியும். உங்களால மாத்த முடியாது, என்னால முடியாது, மகாராஜாவாலயும் முடியாது."

"வேற வழியே இல்லையா?"

"ஒண்ணே ஒண்ணு இருக்கு. இது புதுசே இல்லை, நூறு வருஷத்துக்கு முன்னாடியே யாரோ பேரு வச்ச பழைய பூச்சிதான்னு நிரூபிச்சா, பழைய பேரு நிக்கும், உங்க பேரு செத்துப்போகும். ஆனா அதை எந்தப் பைத்தியக்காரன் தானே போய்ச் செய்வான்?" என்று சிரித்துக்கொண்டே ரூபர்ட் போனை வைத்தார்.

பெரிலுக்கு வேறு யோசனை தோன்றியது. வேலை நேரத்தில் டிக்கெட் கவுன்ட்டருக்கு ஆள் வருவதில்லை. ஆகையால் பெரிலுக்கு யோசிக்க நேரம் இருந்தது.

"இன்னொரு பூச்சியைக் காட்டு. பேரு வைக்காத பூச்சி எதுவும் உன்கிட்ட இல்லையா? அதுக்கு கார்டன் பேரை வைக்கிறேன்னு வியாழக்கிழமை சொல்லு. எல்லாரும் கைதட்டுவாங்க. அட்டையை யாரு கேப்பா? இருநூத்துப் பதினாலாம் பக்கத்தை உன்னைத் தவிர உலகத்துல யாரு படிக்கப் போறா?"

மெர்வினிடம் ஒன்று இருந்தது. வெள்ளையாக, மெல்லிசாக, ஒரு விரல் நீளத்தில் ஒரு புழு. அழகான புழுதான், மெர்வினுக்கு எல்லாப் புழுவும் அழகு. கொஞ்சம் தெம்பு வந்து, செவ்வாய்க்கிழமை காலை கார்டனைக் கூப்பிட்டு, அட்டை இல்லை, அதைவிட மேலான ஒன்று உங்களுக்குக் காத்திருக்கிறது என்றார்.

"அட்டையை நெனச்சுத்தான் மோரீனுக்குக் கொஞ்சம் உறுத்தல்" என்றார் கார்டன் சந்தோஷமாக. "இது எங்க இருக்கும்?"

"வாலபியில."

"குட்டிக் கங்காரு மாதிரி, நல்ல பிராணி. வாலபியில எங்க?"

"உள்ள."

"உள்ளன்னா எங்க? இதயத்திலயா?"

மெர்வின் பொய் சொல்லிப் பழகாதவர். "இன்னும் கொஞ்சம் கீழ" என்றார்.

"வயித்திலயா?"

"அதுக்கும் அந்தப் பக்கம்."

போனில் அலை சத்தமும் கடற்புறா கத்துவதும் மட்டும் கேட்டது. மனிதர் மீன் பண்ணையில் நின்றுகொண்டிருக்க வேண்டும்.

"கடைசியிலயா?" என்றார் கார்டன்.

"ஆமா. ஆனா அங்க அது ரொம்பச் சுத்தமா இருக்கும்."

கார்டன் போனை வைத்துவிட்டார். வைத்த கையோடு இயக்குநருக்குப் போட்டிருக்கிறார். பத்தே நிமிஷத்தில் மெர்வினை மேலே வரச் சொல்லி ஆள் வந்தது.

ஃபிலிப்பா ராஸ்டனின் அறையில் பழைய இயக்குநர்கள் பதினொரு பேரின் எண்ணெய் ஓவியங்கள் வரிசையாகத் தொங்கும். பன்னிரண்டாவது இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. ஓவியத்துக்கு ஒதுக்கிய பணத்தை வெட்டி வேறு செலவுக்குத் திருப்பிவிட்டதும் ஃபிலிப்பாதான். மேசையில் காகிதங்களுக்கு அடியில் ஒரு நீல மேலுறையின் முனை தெரிந்தது. அந்த நீலத்தை மெர்வின் எந்தக் கூட்டத்திலும் அடையாளம் கண்டுகொள்வார். ஆய்விதழ்.

"உக்காருங்க மெர்வின். கார்டன் கூப்பிட்டார். ஏதோ வாலபி, கடைசின்னு சொன்னார். எனக்குப் பாதிதான் புரிஞ்சுது. வியாழக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கங்கன்னு சொல்லிட்டேன்."

"தேங்க்ஸ்."

"உங்களை ஒண்ணு கேக்கணும். அந்த அட்டை முதுகுல இருக்கிற கோடு, மஞ்சளா ஆரஞ்சா?"

"எலுமிச்சை மஞ்சள்."

"ரெண்டு கோடுதானே?"

"ரெண்டு."

ஃபிலிப்பா அதைக் குறித்துக்கொண்டார். இரண்டுக்கு அடியில் ஒரு கோடும் போட்டார். ஒழுங்கு விசாரணைக்குச் சாட்சியங்களை இப்படித்தான் தொகுப்பார்கள் என்று மெர்வினுக்குப் பட்டது. பிப்ரவரியில் வேலை போன ஆறு பேரில் ஒருவரையும் இதே நாற்காலியில் உட்காரவைத்து இதே மாதிரிதான் குறித்துக்கொண்டாராம்.

"அந்தப் பேரைப் பத்தி உங்களைத் தவிர இங்க யாருக்குத் தெரியும்?"

"பெரிலுக்கு, டாம்சினுக்கு."

"வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க. வியாழக்கிழமை பார்த்துக்கலாம். அது ஒழுங்கா முடிஞ்சாத்தான் நான் அடுத்த திங்கட்கிழமை உங்க ரூமைப் பத்திப் பேச முடியும். நேத்து நடக்க வேண்டிய கூட்டத்தை நான்தான் ஒரு வாரம் தள்ளிவச்சேன்."

சொல்லிவிட்டு ஃபிலிப்பா புன்னகை செய்தார். ஐந்து வருஷத்தில் அவர் புன்னகைத்து மெர்வின் பார்த்ததில்லை. பல் தெரிந்தது. மெர்வின் கீழே வந்து பெரிலிடம் நடந்ததை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.

"சிரிச்சாங்களா?" என்றார் பெரில்.

"சிரிச்சாங்க."

"அப்ப முடிஞ்சுது. பெட்டியைக் கட்டு."

புதன்கிழமை மத்தியானம் மெர்வின் ஏழாம் எண் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அலமாரியிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்தார். நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் ஹோரஸ் பிம்லாட் என்ற பாதிரியார், பிரசங்கங்களுக்கு நடுவே புழுக்களைப் பற்றியும் எழுதியவர், இந்தப் பக்கத்து ஓடை ஒன்றில் பார்த்த அட்டையை நாலே வரியில் வர்ணித்திருந்தார். கறுப்பு, கோடுகள் உண்டு, வழவழப்பானது, அருவருப்பூட்டுவது. அவ்வளவுதான். அந்த நாலு வரி எந்த அட்டைக்கும் பொருந்தும். கொஞ்சம் விட்டுப் பிடித்தால் கார்டன் ஸ்ப்ராட்டுக்கும் பொருந்தும்.

பாதிரியாரின் அட்டை வேறு, தன் அட்டை வேறு என்பது மெர்வினுக்குத் தெரியும். பல்லை எண்ணியிருக்கிறார். ஐந்து ஜோடிக் கண்களையும் எண்ணியிருக்கிறார். ஒன்பது வருஷம் அந்த ஓடைக்கரையில் மழையில் உட்கார்ந்து, தன் ரத்தத்தையே கொடுத்து வளர்த்த பூச்சி அது. பாட்டிலை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். இரண்டு எலுமிச்சைக் கோடுகளும் பளிச்சென்று தெரிந்தன. அவருக்கு அழுகை வந்துவிட்டது; துடைத்துக்கொள்ளாமல் அழுதார். இந்த அறை போனால் நாலாயிரமும் போகும். இந்த ஒன்றைக் கொடுத்தால் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது மிஞ்சும்.

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விஞ்ஞானப் பொய்யை எழுதினார். 'நான் விவரித்த அட்டை புதிய இனம் அல்ல. பிம்லாட் பாதிரியார் விவரித்ததே அது. நான் சூட்டிய பெயர் இனிச் செல்லாது. தவறுக்கு வருந்துகிறேன்.' வியாழக்கிழமை காலை அடிலெய்டுக்கு அனுப்பினார். மாலைக்குள் ரூபர்ட்டிடமிருந்து பதில் வந்துவிட்டது: அடுத்த இதழில் வரும், உங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

சாயங்காலம் திமிங்கலக் கூடத்தில் நிற்க இடமில்லை. மசாலாச் சிப்பியை மாவுக்குள் வைத்துச் சுட்ட ஸ்காலப் பை, சாஸேஜ் ரோல், லாமிங்டன் கேக் எல்லாம் மேசையில் குவிந்திருந்தன. முன் வரிசையில் ஸ்ப்ராட் குடும்பம் இருபத்திரண்டு பேரும் வரிசை பிசகாமல் உட்கார்ந்திருந்தார்கள். மோரீன் புது உடுப்பில் இருந்தார். முகத்தில் வாலபி தெரிந்தது. கார்டன் கைகளைக் கட்டிக்கொண்டு மெர்வினையே முறைத்தார். டாஸ்மேனியன் டெவிலின் புதுக் கண்களுக்கு நல்ல கைதட்டல் கிடைத்தது. கை உலர்த்தும் மெஷினுக்கு அதைவிட அதிகம்.

"இப்ப பத்தாவது" என்றார் டாம்சின் மேடையில். "எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கிற பேரு."

மேடையின் ஓரத்தில் ஃபிலிப்பா நின்றுகொண்டிருந்தார். கையில் மடித்த காகிதம் ஒன்று. தலைமுடியை எடுத்துக் கட்டி, தோடு போட்டிருந்தார். அதே பல் தெரியும் புன்னகை.

மெர்வின் ஒலிவாங்கியைப் பிடித்தார். திரைக்கயிற்றை டாம்சின் இழுக்கப்போவதைப் பார்த்து, "இழுக்காத" என்றார்.

"பேரு எதுவும் இல்லை" என்றார். "நான் தப்புப் பண்ணிட்டேன். அது புது அட்டை இல்லை. பிம்லாட் பாதிரியார் நூத்திருபது வருஷத்துக்கு முன்னாடியே பார்த்த அட்டைதான். நான் வச்ச பேரு செல்லாது. இன்னைக்குக் காலையிலயே ஆய்விதழுக்கு எழுதிப் போட்டுட்டேன். வாலபிப் புழுவுக்கும் இப்போதைக்கு யாரு பேரையும் வைக்கறதா இல்லை. மன்னிச்சுக்கங்க."

முன் வரிசையில் ஒரு ஜோடிக் கை தட்டத் தொடங்கியது. கார்டன். நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியவர் தட்டுகிற தட்டு அது. மோரீன் சேர்ந்துகொண்டார். இருபத்திரண்டு பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். அவர்களைப் பார்த்து ஊரும் தட்டியது.

ஃபிலிப்பாவின் புன்னகை மட்டும் போன இடம் தெரியவில்லை. கையிலிருந்த காகிதத்தை இன்னொரு மடிப்பு மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "நன்றி மெர்வின்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிப் போய்விட்டார். திட்டுவதற்கு வாய்ப்பில்லாமல் போன ஏமாற்றம் என்று மெர்வின் எடுத்துக்கொண்டார்.

"தப்பை ஒத்துக்க ஒரு தைரியம் வேணும்யா" என்று கார்டன் வந்து கையைக் குலுக்கினார். "அந்தப் பூச்சி அசிங்கமாத்தான் இருந்துச்சு. வாலபின்னு நீ சொன்னதுலேர்ந்து மோரீன் தூங்கவே இல்லை."

"இனிமே உனக்குப் பயமில்லை" என்றார் பெரில். "எதை வச்சு உன்னைப் பிடிப்பாங்க? சாட்சியே செத்துப்போச்சே."

மெர்வினுக்கு ஒரு வாரமாக இல்லாத பசி வந்தது. ஒரு ஸ்காலப் பையை எடுத்தார். அது முடிந்ததும் இன்னொன்றை எடுத்தார். மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பாட்டில்களும் மேலே அலமாரியில் பத்திரமாக இருப்பதை நினைக்கையில் மனசு லேசாக இருந்தது. அந்த ஒன்றை நினைத்தால் வலித்தது. அதை நினைக்காமல் மூன்றாவது பையை எடுத்தார்.

அப்போது பக்கக் கதவு திறந்தது. ஆற்றங்கரை பேக்கரியை நடத்தும் ட்ரூடியும் அவர் கணவரும் ஒரு நீளப் பலகையை ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு, "வழி விடுங்க, வழி விடுங்க" என்று உள்ளே வந்தார்கள். பலகையின் மேல் ஒரு கேக். கறுகறுவென்று, ஆளைப் படுக்கவைத்த நீளத்தில், பளபளப்பாக, முதுகில் இரண்டு எலுமிச்சை மஞ்சள் கோடுகளோடு. தலைப்பக்கத்தில் ஃபிலிப்பாவின் பெயர் வெள்ளைச் சர்க்கரையில், லத்தீன் வாலோடு, எழுத்துப்பிழை இல்லாமல் இருந்தது.

பலகையை மேசையில் இறக்கிவிட்டு ட்ரூடி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். பை தின்றுகொண்டிருந்தவரின் சட்டைப்பையில் குத்தியிருந்த பெயர்ச்சீட்டைப் படித்தார். கத்தியை எடுத்து அவர் பக்கம் நீட்டினார்.

"மெர்வின்னா நீங்கதானா? முதல் துண்டை நீங்கதான் வெட்டணுமாம். செவ்வாய்க்கிழமை உங்க ஃபிலிப்பா போன்ல அழுதுக்கிட்டே சொன்னாங்க, 'அந்த ரூமைக் காப்பாத்த ஒரு காரணம் கிடைக்காதான்னு வருஷம் பூரா தேடினேன், இயக்குநர் பேருல உள்ள பூச்சியை எப்படிப் பெருநிலத்துக்கு அனுப்புவீங்கன்னு கேட்டா கமிட்டியில ஒருத்தரும் வாயைத் திறக்க முடியாது'ன்னு."